சியாமளியும் பெயர் சொல்லாத வீடும்

ஏப்ரல் 22

சென்னையிலிருந்து பார்சல் வந்துவிட்டது. துப்பறியும் சியாமளி வரிசையில் பன்னிரண்டு புத்தகங்கள். அட்டையில் அதே ரெட்டை ஜடை, அதே டார்ச் விளக்கு, பின்னால் அதே இடிந்த பங்களா. எட்டாம் வகுப்பில் இவற்றைக் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்து, பிடிபட்டு, வகுப்புக்கு வெளியே நின்றவள் நான். பள்ளிக்கூட வேலையை விட்டதிலிருந்து வீட்டில் உட்கார்ந்து பிழை திருத்துகிறேன். ஒரு வேலைக்கு ஆசைப்பட்டு ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை.

பதிப்பகத்து அருணா போனில் சொன்னாள்: "கதை மாறக் கூடாது மேடம். ஆனா இப்ப உள்ள பிள்ளைங்க படிக்கிற மாதிரி இருக்கணும். கறுப்பா இருக்கறவன்லாம் திருடன்னு வர்ற இடத்தை எடுத்துடுங்க. ரொம்பக் கை வைக்க வேண்டாம்."

இவர் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் படிக்கத்தான் புதுக் கண்ணாடி போட்டியா?" என்றார். நல்ல மூடில் இருந்தார்.

ஏப்ரல் 26

மூன்று புத்தகம் முடித்தேன். மனசு விட்டுப்போயிற்று.

பங்களா வாட்ச்மேன், கால் ஊனமான தோட்டக்காரன், ஊர் ஊராகப் பாசிமணி விற்கும் பெண். குற்றவாளிகள் இவர்கள்தான். முதல் அத்தியாயத்தில் எவன் முகத்தில் தழும்பு இருக்கிறதோ அவனைக் கடைசி அத்தியாயத்தில் பிடித்துக் கொடுத்துவிடுகிறாள். இதையா பதிமூன்று வயதில் மூளை என்று நினைத்தேன்? சியாமளியின் அப்பா பெரிய வக்கீல். கார் சாவி இவள் கையில். எந்நேரம் திரும்பி வந்தாலும் சமையற்காரம்மா பூரி சுட்டு வைத்திருக்கிறாள். முடிவில் எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்து, விரலை நீட்டிப் பெயரைச் சொல்வாள். இன்ஸ்பெக்டர் மாமா விலங்கு மாட்டுவார். அப்புறம் எல்லாருக்கும் காபி.

இன்னொன்றும் கவனித்தேன். ஊரிலுள்ள எல்லார் வீட்டுப் பரணிலும் ஏறி இறங்குகிறவள் ஒருநாளும் தன் வீட்டுக்குள் துப்பறிந்தது கிடையாது. அருணாவிடம் சொன்னால் சிரிப்பாள்.

ஏப்ரல் 30

இன்றைய பிள்ளை ஒருத்தியிடம் படிக்கக் கொடுத்துக் கருத்துக் கேட்கச் சொல்லியிருந்தாள் அருணா. தேடிப் போகவே வேண்டாம், நாலு வீடு தள்ளிக் கனிஷ்கா இருக்கிறாள். சுருளிவேல் மகள். ஒன்பதாவது முடித்திருக்கிறாள், பதினாலு வயது. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் வருவது ஆளா மாடா என்று தெரியாது. லீவிலும் பள்ளிக்கூடச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருகிறாள். திருத்திய தாள்களையும் என் சிவப்புப் பேனாவையும் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் சொருகி, அது ஒழுகி, பை முழுக்கச் சிவப்பாகி, நெஞ்சில் காயம் பட்டவள் போல வந்து நின்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

"டீச்சர், இவளை யாருமே எங்க போனன்னு கேக்க மாட்டாகளா? எங்க வீட்டுல கடைக்குப் போயிட்டு லேட்டா வந்தாலே எங்கப்பா வாசல்ல நிப்பாரு."

ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர்காரர் வந்து, "யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார். வழக்கம்போல உள்ளே போய் கேஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். கனிஷ்காவின் கண்ணுக்கு எதுதான் தப்பும்?

"மாமா பேரைச் சொல்ல மாட்டீங்களா டீச்சர்?"

"சொல்லிப் பழக்கமில்ல. எங்கம்மா சொல்லவிடாது. ஆயுசு குறையுமாம்."

"எம்புட்டுப் படிச்சிருக்கீங்க! சியாமளி ஊர்ல இருக்கவன் பேரெல்லாம் சொல்றா, உங்களால ஒரு பேரைச் சொல்ல முடியல."

"போடி."

"என்னைக்காச்சும் ஒருநாள் சொல்லுவீங்க. அன்னைக்கு நான் பக்கத்துல இருக்கணும்."

இருபத்தேழு வருடமாக நானும் எத்தனையோ மூடநம்பிக்கையைக் கரும்பலகையில் எழுதி அழித்திருக்கிறேன். இது மட்டும் நாக்கில் வரமாட்டேன் என்கிறது. தெருவில் எல்லாருக்கும் இவர் 'செயலாளர்'. ஊர்ச் சங்கத்துச் செயலாளர். பாகப்பிரிவினை, புருஷன் பெண்டாட்டிச் சண்டை, கல்யாணப் பேச்சு எதுவும் இவரைத் தாண்டிப் போகாது. அதனால் பெயருக்கு வேலையில்லை.

பிள்ளை இல்லாத வீட்டில் ஒரு பிள்ளை வந்து வாயாடிவிட்டுப் போவது நன்றாக இருக்கிறது.

மே 5

ஏழாவது புத்தகம், 'மணப்பெண் எங்கே, சியாமளி?' கோயம்புத்தூர் மில் முதலாளியின் மகள் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காணாமல் போகிறாள். சியாமளி உதிர்ந்த கனகாம்பரத்தையும் பஸ் டிக்கெட்டையும் வைத்து ஊட்டி வரை துரத்திப் போய், ஒரு விடுதியில் ஒளிந்திருந்தவளைக் கண்டுபிடித்து, காரில் ஏற்றிக்கொண்டு வந்து சரியான நேரத்துக்கு மணமேடையில் உட்கார வைக்கிறாள். கெட்டிமேளம். அந்தக் காலத்தில் என் தோழிகளுக்கு எல்லாம் பிடித்த கதை.

கனிஷ்கா தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். சிவப்பு மையில் ஒரு குறிகூட இல்லை.

"அந்த அக்கா ஏன் ஓடிப்போனாங்கன்னு சியாமளி கேக்கவே இல்லையே டீச்சர்."

எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கடைசி அத்தியாயத்தில் பேச்சே கிடையாது, 'நாணத்தால் தலைகுனிந்தாள்' என்பதோடு சரி. நானும் அதில் ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன்.

"மாத்துவீங்களா?"

"கண்டிப்பா மாத்துறேன்."

அவள் கிளம்பவில்லை. பொட்டலம் கட்டின நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்ஸ்பெக்டர் மாமா இல்லாத பிள்ளைக யாருகிட்ட போயிச் சொல்லும் டீச்சர்?"

"ஏன், பிள்ளைகளுக்குன்னே 1098னு ஒரு நம்பர் இருக்கே. உங்க பள்ளிக்கூடத்துச் சுவத்துலயே எழுதியிருக்கும்."

"அதுக்குப் போன் வேணும்ல."

"உங்கம்மா போன் இருக்குல்ல?"

"அதை அப்பா வாங்கி வச்சுக்கிட்டாரு."

ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். நல்ல யோசனை. புதுப் பதிப்பில் கைபேசி இல்லாத பிள்ளைகளையும் நினைவில் வைக்க வேண்டும்.

மே 9

மாங்காய் ஊறுகாய் போட்டேன். கனிஷ்கா வரவில்லை.

மே 13

எட்டாவது புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். அவள் அம்மா ராஜாத்தி வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்று பேசினாள்.

"அவ சித்தி வீட்டுக்குப் போயிருக்கா டீச்சர், தேவாரத்துக்கு. லீவு முடிஞ்சுதான் வருவா."

அவள் தோளுக்கு மேலே உள்ளே தெரிந்தது. டிவி மேல் கனிஷ்காவின் கண்ணாடி இருந்தது.

"கண்ணாடியை விட்டுட்டுப் போயிட்டாளே?"

"அது பழசு. புதுசு வாங்கியாச்சு." ராஜாத்தி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

உள்ளறையில் யாரோ இருமினார்கள். வந்துவிட்டேன். இந்தப் புத்தகங்களோடு இருந்து இருந்து எனக்கும் எதைப் பார்த்தாலும் சந்தேகம் வருகிறது.

மே 17

இதை நிதானமாக எழுத வேண்டும்.

தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க நூர்ஜகானின் தையல் கடைக்குப் போனேன். அவள் ஒரு பட்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அரக்கு நிறம், கையில் ஜரிகை, முதுகில் மணி வேலைப்பாடு. கல்யாண ஜாக்கெட். உட்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தாள். பக்கத் தையலுக்கு உள்ளே ரெண்டு விரக்கடை துணி மடித்து விட்டிருந்தது. கையிலும் அப்படியே.

"என்ன நூர்ஜகான், பட்டுத் துணியை இம்புட்டு உள்ள விட்டிருக்க? பள்ளிக்கூட யூனிபாரம் மாதிரி."

"அவுகதான் சொன்னாக. வளர்ற பிள்ளை, பின்னாடி பிரிச்சு விட்டுக்கலாம்னு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யாரு வீட்டுது?"

"நமக்கெதுக்கு டீச்சர்."

மேசையில் அளவுக்குக் கொடுத்த துணி கிடந்தது. கல்யாணத்துக்குத் தைக்கும்போது அளவு ஜாக்கெட் என்று ஒன்று கொடுப்போம். இந்தப் பெண்ணிடம் கொடுப்பதற்கு ஜாக்கெட்டே இல்லை போல. பள்ளிக்கூடச் சட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். பையில் சிவப்பு மை.

என் ஜாக்கெட்டை வாங்காமலே வந்துவிட்டேன்.

மே 18

இவரிடம் சொன்னேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது. கண்ணாடி, சட்டை, மை, மடித்த துணி எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். ரசத்தைக் கொட்டிவிட்டேன். அவள் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதே கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு அவள் கதையைப் பற்றியா கேட்டாள்? நான் என்ன ஜென்மம்!

இவர் கடைசி வரை கேட்டுக்கொண்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

"சரி. நீ எதும் பண்ணாத. சுருளிகிட்ட நான் பேசுறேன். போலீசு கீலீசுன்னு போனா பிள்ளை பேருதான் கெட்டுப்போகும்."

"நிறுத்திருவாகளா?"

"நான் சொன்னா தட்டுவானா?"

தட்ட மாட்டான். அது உண்மை. இவர் சொல்லை இந்தத் தெருவில் தட்டிய ஆள் கிடையாது. பாரம் இறங்கிவிட்டது. நன்றாகத் தூங்கினேன்.

மே 21

பேசிவிட்டாராம். மாப்பிள்ளை ராஜாத்திக்குத் தூரத்துத் தம்பி முறை, குமுளி ஏலக்காய்க் கடை, முப்பத்தொரு வயது. மகள் யாரோ ஒருத்தனோடு போனில் பேசினாள் என்று பயந்து அவசரப்பட்டார்களாம். இப்போதைக்கு வாய்வார்த்தையாகப் பேசி வைப்பதோடு சரி, பதினெட்டு முடிந்துதான் கல்யாணம் என்று சத்தியம் வாங்கிவிட்டாராம்.

இன்று இவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். 'மணப்பெண் எங்கே'வில் புதிய அத்தியாயம் ஒன்று தொடங்கினேன். விடுதி அறையில் சியாமளி அந்தப் பெண்ணின் எதிரே உட்கார்ந்து, "ஏன்?" என்று கேட்கிறாள்.

மே 29

சங்க வேலையாக இவர் கம்பத்துக்கும் வீட்டுக்கும் அலைகிறார். வெயில் வேறு. குழாயில் தண்ணீர் வரவில்லை.

ஜூன் 2

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காலையில் வாசலில் கோலம் போடுகிற சாக்கில் நின்று பார்த்தேன். அவள் கூட்டாளிகள் போனார்கள். அவள் இல்லை.

"கனிஷ்கா டிசி வாங்கிட்டா டீச்சர்," என்றது ஒரு பிள்ளை.

ஜூன் 5

இவரிடம் கேட்டேன். முகம் மாறிவிட்டது. "என் வார்த்தையில உனக்கு நம்பிக்கை இல்லையா? ஊரே கேக்குது, நீ கேக்க மாட்ட." தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து 1098க்குப் போன் போட்டேன். என் பெயரைச் சொல்லவில்லை. பெண்ணின் பெயர், வயது, தெரு, அப்பா பெயர் எல்லாம் சொன்னேன். நாளைக் காலையில் அதிகாரிகள் போவார்கள், வீட்டாருக்கு விஷயம் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

உள்ளே வந்தபோது இவர் அடுப்படியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இருந்த இடத்திலிருந்தே கேட்பார். பிறகு கொசுவத்தி வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார். அலமாரியில் ரெண்டு பெட்டி இருக்கிறது, மறந்துவிட்டார் போல.

ஜூன் 6

ஜீப் வந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. நேற்று இருட்டுவதற்குள் வேன் வைத்து எல்லாரும் போய்விட்டார்களாம். எந்தக் கோயிலுக்கு என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. அந்த அதிகாரி அம்மாள் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

யார் சொல்லியிருப்பார்கள்? சியாமளி மாதிரி உட்கார்ந்து யோசித்தேன். நூர்ஜகானா? அவளுக்கு நான் போன் பண்ணியதே தெரியாது. கிராம அலுவலகத்தில் யாரேனுமா? அவர்களுக்கு இன்று காலையில்தான் சொன்னார்களாம். பக்கத்து வீட்டு மாடியில் யாரேனும் நின்று கேட்டிருக்கலாம். யாரும் நின்றதாக ஞாபகம் இல்லை.

"என்ன எழுதிக்கிட்டே இருக்க?" என்று இவர் கேட்டார். காபி கொடுத்தேன்.

ஜூன் 8

ஞாயிறு. இவர் விடியுமுன்னே குளித்து வெள்ளை வேட்டி சட்டையில் கிளம்பினார். கம்பத்தில் சங்கக் கூட்டமாம்.

ஜூன் 9

துணி துவைத்தேன். இவர் சட்டைப் பையில் மஞ்சள் அரிசி இருந்தது. ஒரு சிட்டிகை, ஈரத்தில் ஒட்டிக்கொண்டு. கையில் வைத்துப் பார்த்தேன். அட்சதை போடுகிறவர்கள் கையில் இருப்பதை எல்லாம் போட்டுவிட மாட்டார்கள், கொஞ்சம் மிஞ்சும். கீழே போடக் கூடாது என்று பையில் போட்டுக்கொள்வார்கள்.

சங்கக் கூட்டத்திலும் அட்சதை தூவுவார்களோ என்னவோ. செடிக்குப் போட்டுவிட்டேன். இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

ஜூன் 14

அந்த அதிகாரி அம்மாள் என் நம்பருக்கே கூப்பிட்டார்.

"பெத்தவங்க திரும்பி வந்துட்டாங்கம்மா. சித்தி வீட்டுல தங்கிப் படிக்குதுன்னு ஒரே சாதிப்பு. பொண்ணு எங்கன்னு மாத்தி மாத்திச் சொல்றாங்க. கல்யாணத்தை நேர்ல பாத்தவங்க ஒருத்தர் கிடைச்சாப் போதும், நாங்க போயிக் கூட்டியாந்துருவோம். யாராச்சும் தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றேன்.

ஜூலை 3

வேலை நடக்கிறது. ஒன்பதாவது புத்தகத்திலும் வருகிற நொண்டித் தோட்டக்காரனை நிரபராதி ஆக்கினேன்.

ஜூலை 19

இவர் இப்போது சட்டையைக் கழற்றும்போதே பையைக் காலி செய்து போட்டுவிடுகிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இவரும் ஒன்றும் சொல்லவில்லை. சீரியல் பார்க்கிறோம், சாப்பிடுகிறோம். நேற்று எனக்குக் காய்ச்சல் என்று இவரே கஞ்சி வைத்துக் கொடுத்தார். இதமாக உப்புப் போட்டு, தொட்டுக்கொள்ளத் துவையலோடு. அதைக் குடிக்கும்போது எனக்கு அழுகை வந்தது. கெட்டவர் என்றால் முகத்தில் ஒரு தழும்பாவது இருக்க வேண்டாமா?

இவரை விட்டால் எனக்கு யார்? எங்கே போவேன்? இதைச் சியாமளியிடம் யாரும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 11

'மணப்பெண் எங்கே' புதிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு அருணா, "அழுதுட்டேன் மேடம். அந்த ஏன்ங்கிற ஒரு கேள்வி கதையையே மாத்திடுச்சு" என்றாள். படித்துப் பார்த்துச் சொன்ன பிள்ளையின் பெயரை நன்றிப் பக்கத்தில் போட வேண்டுமாம். கனிஷ்கா, பத்தாம் வகுப்பு என்று சொன்னேன்.

போனை வைத்துவிட்டு முகம் கழுவினேன்.

செப்டம்பர் 24

புத்தகங்கள் வந்துவிட்டன. பளபளப்பான அட்டை. சியாமளிக்கு இப்போது ஒற்றை ஜடை, நிறமும் மாநிறம். நன்றிப் பக்கத்தில் அவள் பெயர். பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அக்டோபர் 16

தீபாவளி ஜாக்கெட்டுக்காக நூர்ஜகான் கடை. கூட்டம் நெரிந்தது. என்னைப் பார்த்ததும் அவள் எந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே கூப்பிட்டாள். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தாள்.

அரக்குப் பட்டு ஜாக்கெட்.

"பிரிச்சு விடச் சொல்லிக் குடுத்துவிட்டிருக்காக டீச்சர். தலை தீபாவளிக்கு வருதாம் பிள்ளை. ரெண்டு பக்கமும் பிரிக்கணுமாம், கையும் இறுக்குதாம்." அவள் குரல் தணிந்தது. "நாலு மாசமாம்."

உள்ளே மடித்து விட்டிருந்த துணி அப்படியே இருந்தது, புதுசாக, நிறம் மங்காமல். அவள் வளர்வதற்கென்று விட்ட துணி. அவள் வளர்வதற்குள் அதற்கு வேறு வேலை வந்துவிட்டது.

"எனக்குப் பிரிக்கக் கை வரல டீச்சர்," என்றாள் நூர்ஜகான். வெளியே யாரோ ஜாக்கெட் ஆச்சா என்று கத்தினார்கள்.

அக்டோபர் 19

வந்தாள். ராஜாத்தி அதிரசத் தட்டோடு கூட்டி வந்தாள். சேலை கட்டியிருந்தாள். கழுத்தில் கயிறு புது மஞ்சளாக இருந்தது. கண்ணாடி இல்லை. அவளுடைய கன்னம் ஒட்டியிருந்தது, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மாப்பிள்ளை அவர்கள் வீட்டில் தூங்குகிறாராம்.

ராஜாத்தி அடுப்படியில் தட்டை மாற்றப் போன நேரத்தில் பீரோவைத் திறந்து புத்தகத்தைக் கொடுத்தேன். அவள் அதை மூக்குக்குக் கிட்டே வைத்துப் புரட்டினாள். நன்றிப் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு என்பதன் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

"அந்த அக்கா ஏன் ஓடிப்போனான்னு கேட்டாளா டீச்சர்?"

"கேட்டா."

"கேட்டுட்டு என்ன பண்ணுனா?"

அதற்குள் இவர் வெளியிலிருந்து வந்துவிட்டார். அவள் சட்டென்று எழுந்து தலைப்பைச் சரி செய்தாள். ராஜாத்தி ஓடி வந்து, "செயலாளர் மாமா கால்ல விழுந்து கும்பிட்டுக்க. அவுக இல்லேன்னா நடந்திருக்குமா?" என்றாள். சொன்ன பிறகுதான் நான் நிற்பதைப் பார்த்தாள்.

கனிஷ்கா விழுந்தாள். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். இவர் அவள் தலையில் கை வைத்து, "நல்லா இரும்மா" என்றார். மனசாரத்தான் சொன்னார். எழுந்தவள் என்னைப் பார்த்தாள். என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவு தூரத்தில்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "வீட்டுல வச்சா கேப்பாக டீச்சர்."

அக்டோபர் 20

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து இவர் புது வேட்டி கட்டினார். எனக்கு வாங்கிக் கொடுத்த சேலையைக் கட்டச் சொன்னார். கட்டினேன். இட்லியும் கறிக்குழம்பும் பரிமாறினேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னும் ரெண்டு வைத்துக்கொண்டார்.

நாளை மத்தியானம் அவர்கள் குமுளிக்குக் கிளம்புகிறார்கள். அதற்கப்புறம் அவள் எங்கே இருப்பாள் என்று நான் யாரிடம் கேட்க முடியும்? பிரசவத்துக்குத்தான் வருவாள். பதினாலு வயது உடம்பு. வராமலும் போகலாம்.

கொல்லைக்குப் போகவில்லை. ஹாலில் உட்கார்ந்தே 1098க்குப் போன் போட்டேன். வெடிச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது. பெண் இப்போது இங்கே இருக்கிறாள் என்றேன். நாலு மாதம் என்றேன்.

"கல்யாணத்தை நேர்ல பாத்தவங்க இருக்காங்களா?"

"இருக்காரு. அவருதான் முன்ன நின்னு நடத்தி வச்சாரு. ஜூன் ஆறாம் தேதி நீங்க வர்றதை முந்தின நாளே சொன்னதும் அவருதான்."

"பேரும்மா?"

பக்கத்து அறையில் இவர் படுத்திருந்தார். சொன்னேன்.

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

அதையும் சொன்னேன். பிறகு போனில் பேசிய பெண், "நீங்க இருக்கற இடத்துல உங்களுக்குப் பயம் ஒண்ணும் இல்லையேம்மா?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

இவர் எழுந்து வந்து நின்றார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. வெளியே போகத் திரும்பியபோது செருப்பை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். கதவைப் பூட்டிய சாவியும் என் மடியில் இருந்தது. இவர் என்னைத் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்னடி பண்ணிட்ட" என்று ஒரே ஒருமுறை சொன்னார்.

அக்டோபர் 21

காலையிலேயே ஜீப் வந்துவிட்டது. இந்தத் தடவை வீடு பூட்டியிருக்கவில்லை.

தெருவே கூடிவிட்டது. ராஜாத்தி மண்ணை வாரித் தூற்றினாள். மாப்பிள்ளை பின்பக்கச் சுவரேறிக் குதிக்கப் பார்த்துப் பிடிபட்டான். சுருளிவேல் எங்கள் வாசலைப் பார்த்து, "செயலாளரே, வந்து சொல்லுங்க, வந்து சொல்லுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். இவர் வாசலுக்கு வந்தார். படி இறங்கவில்லை.

கனிஷ்காவை இரண்டு பெண் போலீஸ்காரர்கள் கைத்தாங்கலாக அழைத்து வந்து ஜீப்பில் ஏற்றினார்கள். அவள் அழவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கூட்டத்தை ஒரு முகம் ஒரு முகமாகப் பார்த்தாள். நான் கிட்டே போனேன். டிவி மேல் கிடந்த கண்ணாடியை அந்த அதிகாரி அம்மாளிடம் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருந்தேன். கொடுத்தேன். புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்களா சொன்னீங்க?"

"ஆமா."

"யாரு பேரைச் சொன்னீங்க?"

என் முதுகுக்குப் பின்னால் இவர் நிற்பது எனக்குத் தெரியும்.

"நாகேந்திரன்," என்றேன். தெரு முழுக்கக் கேட்கும்படி. "எங்க வீட்டுக்காரரு நாகேந்திரன்."

சியாமளி பெயரைச் சொல்லும்போது எல்லாரும் கைதட்டுவார்கள். இங்கே ஒருத்தரும் அசையவில்லை. நேற்று ராத்திரி முழுக்க நான் நினைத்து வைத்திருந்ததெல்லாம் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் என்பதுதான். முந்தி சொன்னாளே, பக்கத்துல இருக்கணும்னு.

அவள் என்னையே பார்த்தாள். இப்போது அவளுக்கு என் முகம் நன்றாகத் தெரியும்.

"இப்பவா டீச்சர்?" என்றாள்.

ஜீப் கிளம்பிவிட்டது. போலீஸ்காரர் ஒருவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து, நாகேந்திரன் யார் என்று கேட்டார். நான் கையைக் காட்டினேன்.